நைரோபிக்கு வரும் தம்பிக்கு: முகுரு சேரியின் வாத்தியார்களைப் பற்றி

தம்பி, வீட்டு வாடகை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், இரவில் வெளியே நடக்கலாமா என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் வந்த பத்து நாளில் தானாகப் பிடிபட்டுவிடும். பார்க்லண்ட்ஸ் பக்கம் போனால் கறிவேப்பிலைகூடக் கிடைக்கும். கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "என் மனைவி பி.எட். படித்தவள். கிபேரா மாதிரிச் சேரிப் பள்ளியில் சும்மா சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறாள், அங்கே உருப்படியான ஆசிரியர்களே இல்லையாமே" என்று. அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் சட்டம். கணவரின் வேலை பெர்மிட்டை ஒட்டி டிபெண்டன்ட் பாஸில் வருகிறவர் இங்கே வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாடம் நடத்த ஆசிரியர் ஆணையத்திடம் பதிவும் வேண்டும். யாராவது "அதெல்லாம் கேட்க மாட்டார்கள்" என்றால் நம்பாதீர்கள்.

அடுத்தது, ஆசிரியர்கள் இல்லை என்ற பேச்சு. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். வருஷக்கணக்காக இங்கே இருந்தும் வாட்ச்மேன், வேலைக்காரம்மா தவிர ஒரு கென்யரோடு பேசியிராத நம் ஆட்கள் பரப்பும் கதை இது. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் எடுத்துக்கொண்டு, பாடம் நடக்கும் நேரத்தில் சேரிப் பள்ளிக்குள் போய், ஏழைக் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2003இல் தொடக்கக் கல்வி இலவசம் என்று அரசு அறிவித்ததும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். வகுப்புகள் பிதுங்கின. சேரிகளுக்குள் அரசுப் பள்ளிகள் போதவில்லை. சர்ச்சுகளும் ஊர்ப் பெண்களும் ஆசிரியர்களும் சேர்ந்து எழுப்பிய தகரப் பள்ளிகள்தான் இன்றும் சேரிப் பிள்ளைகளின் படிப்பில் பெரும் சுமையைத் தாங்குகின்றன. பெற்றோர் ஃபீஸ் கட்டினால்தான் அங்கே வாத்தியாருக்குச் சம்பளம்.

பீட்டர் தபிச்சி பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நகுரு மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியின் கணித, இயற்பியல் ஆசிரியர், பிரான்சிஸ்கன் சகோதரர். சம்பளத்தில் 80 சதவீதத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவந்தவர். 2019இல் உலக ஆசிரியர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் வாங்கினார். அவருக்குப் பரிசு கிடைத்தது, சரி. பெயர் தெரியாமல் அதே மாதிரி உழைப்பவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

நான் வந்தபோது என் கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளத்தையும் இழுத்தடித்தது. நைரோபியில் சவுத் பி என்ற பகுதியில் ஒரு அறை. பக்கத்து அறையில் மேற்குக் கென்யாவின் ககமேகா ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், முகுரு சேரியில் ஆசிரியர். பயிற்சி முடித்துச் சான்றிதழ் கையில் இருந்தும் அரசு நியமனத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர். எனக்கு ஸ்வாஹிலி வந்தது அவரால்தான். இன்று சந்தையில் நான் பேரம் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டுத் திருத்துவார். புதுப் பென்சிலை வாங்கியதும் கத்தியால் இரண்டாக வெட்டி, இரண்டு முனையையும் சீவி வைப்பார், இரண்டு பிள்ளைக்கு ஆகும் என்று. ஒருநாள் அவர் வகுப்புக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. பாடம் நிற்கவில்லை. அவர் பலகையில் எழுதி விரலால் காட்ட, பிள்ளைகள் சிலேட்டில் விடையை எழுதித் தூக்கிக் காட்டினார்கள். கால்களைப் பெஞ்சு மேலே வைத்திருந்தார்கள், சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டிருந்தது. மதியம் மக்காச்சோளமும் பீன்ஸும் வேகவைத்த கிதேரி. கடைசிப் பிள்ளைக்குப் போட்ட பிறகு பானையில் இருந்ததைத்தான் அவர் சாப்பிட்டார்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். ஃபீஸ் நின்றது, சம்பளமும் நின்றது. சாலையோரம் அவித்த முட்டை விற்றுக் குடும்பத்தைப் பார்த்தார். 2021 ஜனவரியில் எல்லா வகுப்புகளும் திறந்தபோது, வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்தே போய் ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார்.

உங்கள் மனைவிக்கு உதவும் மனசிருந்தால், என்ன வேண்டும் என்று அந்த ஆசிரியரிடமே கேட்கட்டும். எனக்குத் தெரிந்து, தேர்வுத்தாள் நகல் எடுக்கக் காசும் கூரைக்கு நல்ல தகரமும்தான் அவர் எப்போதும் கேட்பது. ஒரு சனிக்கிழமை இருவரும் வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன். அன்றைக்குப் பாடம் இல்லை, அவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.