ஓய்வு பெற்ற பின்னும் சங்கத்தில் இடம் உண்டா?

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து சங்கத்துக்குச் சந்தா கட்டியவள்; டிவிஷன் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். இப்போது, "ரிட்டயர் ஆனவர்களிடம் சந்தா வாங்க முடியாது, ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்கிறார்கள். நான் சங்கத்தில் தொடர வழியே இல்லையா?
(வாசகி, வண்டிப்பெரியாறு)

பதில்: வழி இருக்கிறது அம்மா. சாதாரண உறுப்பினராக இருப்பவர் அந்தத் தொழிலில் வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்று 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்தே விதி இருந்துவருவதால், சந்தாவைப் பற்றி அவர்கள் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நிர்வாகிகள் விஷயம் வேறு. நிர்வாகிகளில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்குக்கோ ஐந்து பேருக்கோ, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டிய 2001ஆம் ஆண்டுத் திருத்தம், ஓய்வு பெற்றவரையும் ஆட்குறைப்பில் வேலை இழந்தவரையும் வெளியாளாகக் கருதக் கூடாது என்று விளக்கமும் சேர்த்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த விளக்கம் அப்படியே இருக்கிறது. ஆகவே உங்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கௌரவ உறுப்பினர், நிர்வாகக் குழு ஆகிய பகுதிகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இடம் இல்லையென்றால், விதியைத் திருத்தும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம்.

பதவியைவிட முக்கியமானது, உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. தோட்டத்தில் ஒருவர் ஓய்வு பெறும்போது எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை காகிதத்தில்தான் தொடங்குகின்றன. தோட்டத்தின் கூலிப் பதிவேடான செக்ரோலில் முத்தம்மா, பி.எஃப். கணக்கில் முத்தம்மாள், ஆதாரில் முத்துலட்சுமி என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருக்கும். பிறந்த ஆண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தின் மூலம் இதைத் திருத்தலாம் என்றாலும், வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது; தோட்டம் மூடப்பட்டுவிட்டால் அந்தக் கையெழுத்துக்கே அலைய வேண்டியிருக்கும். இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகிறவர்களின் லயங்களுக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) நீங்கள் ஒரு மாலை நேரம் சென்று, மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பல குடும்பங்களின் பென்ஷன் தப்பிக்கும்.

கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையும் அப்படித்தான். கடைசியாக வாங்கிய மாதக் கூலியை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்கினால் வரும் தொகை அது. முப்பது நாட்களுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். தகராறு பெரும்பாலும் அந்த ஆண்டுக் கணக்கில்தான் வருகிறது. ஒருவர் தற்காலிகமாக வேலை செய்த காலம் விட்டுப்போயிருந்தால், அதே மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவரின் சாட்சியம் விசாரணை அதிகாரி முன் பெரிதும் உதவும். அந்தச் சாட்சி நீங்கள்தான்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். கூலி, போனஸ், வேலைநிறுத்தம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் உரிமை வேலையில் இருப்பவர்களுக்கே இருக்கட்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் இருபது விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்தார்கள். தங்களைக் கேட்காமல் தங்களுக்காக முடிவெடுக்கிறார்கள் என்ற ஆற்றாமை அதன் பின்னால் இருந்தது. மூத்தவர்கள் அதே தவற்றைச் செய்யக் கூடாது.

கேள்வி: பீருமேட்டுத் தோட்டங்களில் ஓய்வு பெற்று, லயத்தைக் காலி செய்து, கம்பத்துக்குத் திரும்பிவிட்டோம். இங்கே எங்களைப் போல் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். மலைக்கு மேலே இருக்கும் சங்கத்தோடு எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது?
(வாசகர், கம்பம்)

பதில்: மாநில எல்லை உங்கள் பி.எஃப். பென்ஷனைத் தடுக்காது, அது மத்திய அமைப்பின் கீழ் வருவதால், கம்பத்திலுள்ள வங்கிக் கணக்கிலேயே பெறலாம். ஆண்டுக்கு ஒருமுறை தரும் உயிர்வாழ் சான்றிதழ் காலாவதியானால் பென்ஷன் நின்றுவிடும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களின் ரேகை கருவியில் பதியாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு, கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் பதிவு செய்யலாம் என்பதைச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே செய்து கொடுங்கள்.

ஏழு பேருக்குக் குறையாமல் இருந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஓய்வு பெற்றோர் சங்கமாகவே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அதற்காகத் தாய்ச் சங்கத்தை விட வேண்டாம் என்பதே என் கருத்து. 2014 செப்டம்பர் முதல் 1,000 ரூபாயாக இருந்துவரும் குறைந்தபட்ச பென்ஷனை 7,500 ரூபாயாக உயர்த்தக் கோரி நாடெங்கும் ஓய்வூதியர்கள் குரல் கொடுக்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நாளைக்கு ஓய்வு பெறப்போகிறவர்களும் சேர்ந்தால்தான் பலம் வரும். குமுளி வழியாகப் போய்வரும் தூரம்தான் என்பதால், சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு உங்களில் இருவரையாவது அனுப்புங்கள். கிராஜுவிட்டி இன்னும் வராதவர்களின் பெயர், தோட்டம், பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றை எழுதிய பட்டியலை அவர்கள் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வரச் சொல்லுங்கள்.