மத அவமதிப்புச் செய்தி எப்போது வன்முறையாகிறது?

ஒரே மாதிரியான அவமதிப்பு ஓரிடத்தில் கண்டன அறிக்கையோடு முடிகிறது, இன்னோரிடத்தில் தீவைப்பு வரை போகிறது. ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் புண்படுவது தானாக வன்முறையாவதில்லை. நடுவில் அதைச் சுமந்து செல்பவர்கள் இருக்கிறார்கள்.

டென்மார்க் கேலிச்சித்திர விவகாரத்தையே பாருங்கள். அந்நாட்டின் ஒரு நாளிதழில் நபிகள் நாயகம் பற்றிய 12 படங்கள் வெளியானது 2005 செப்டம்பர் 30. டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் டென்மார்க் தூதரகக் கட்டடங்கள் எரிந்தது 2006 பிப்ரவரியில். நான்கு மாத இடைவெளி! அக்டோபரில் முஸ்லிம் நாடுகளின் 11 தூதர்கள் சந்திக்கக் கேட்டதை டென்மார்க் பிரதமர் ஏற்கவில்லை. டிசம்பரில் டென்மார்க் இமாம்கள் சிலர் ஒரு தொகுப்பை மத்திய கிழக்குக்கு எடுத்துச் சென்றார்கள்; நாளிதழில் வராத, இன்னும் மோசமான படங்களும் அதில் இருந்தன. பேச்சுக்குக் கதவு மூடியதும், படத் தொகுப்பு ஊதிப் பெருத்ததும்தான் என் பார்வையில் திருப்பம்.

கோபத்தையும் தூண்டுதலையும் பிரிக்க ஐ.நா.வின் 2012 ரபாத் செயல்திட்டம் (வெறுப்பைத் தூண்டும் பேச்சை எடைபோடும் வழிகாட்டி) ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசுபவர், நோக்கம், உள்ளடக்கம், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு. "இது தவறு" என்பது கருத்து. நாள், நேரம், ஒருவரின் வீட்டு முகவரியோடு "எல்லோரும் வாருங்கள்" என்றால் அது ஆபத்து.

மிரட்டல் உங்களுக்கே வந்தால் பதில் எழுதாதீர்கள், பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் ஆதாரமும் போய்விடும். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுக் காவல்துறையில் புகார் கொடுங்கள்.