சமையல் மேடைக்கு குவார்ட்ஸா, கிரானைட்டா? பின்சுவருக்கு என்ன டைல்ஸ்?

"அழகாகவும் இருக்க வேண்டும், இருபது வருடம் உழைக்கவும் வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். புது வீடு கட்டுகிறீர்கள், கைபேசி நிறைய வெள்ளை வெளேர் சமையலறைப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், சரிதானே? நானும் அப்படித்தான் இருந்தேன். நான் இன்ஜினியர் இல்லை, அந்த வெள்ளை மேடை முன்னால் தினமும் நின்று சமைக்கிறவள். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

2021இல் திருச்சியில் வீடு கட்டியபோது மேஸ்திரி கருப்பு கிரானைட்டைத்தான் போடச் சொன்னார். அதற்கு முன் பதினொரு வருடம் இருந்த வாடகை வீட்டில் கடப்பா கல். அது சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு ஆகாது. புளித்தண்ணீரும் எலுமிச்சையும் சிந்திச் சிந்தி, பாலிஷ் போய் சாம்பல் பூத்துக் கிடக்கும். மார்பிளுக்கும் அதே குணம். அந்த இருட்டு மேடையை நினைத்தே கருப்பு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். வெள்ளையில் மெல்லிய சாம்பல் ரேகை ஓடும் குவார்ட்ஸ், விலை கிரானைட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கடைக்காரர் மஞ்சள் தண்ணீரை ஊற்றித் துடைத்துக் காட்டினார். கறை இல்லை. அங்கேயே விழுந்துவிட்டேன்.

மஞ்சள் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. சூட்டைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. குடிவந்த நாலாம் மாதம் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. தோசை முடிந்து வடைக்குச் சட்டி வைக்க வேண்டும், அடுப்பு காலியாக வேண்டும். இரும்பு தோசைக்கல்லைத் தூக்கி அப்படியே மேடையில் வைத்தேன். கடப்பா கல்லில் எத்தனை வருடம் அப்படி வைத்த கை! எடுத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் பிறை மாதிரி ஒரு தடம். சோடா உப்பு, வினிகர், பல் துலக்கும் பேஸ்ட் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. கறை என்றால்தானே போகும், இது கருகல். குவார்ட்ஸ் என்பது நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பங்கு கல் தூள், மிச்சம் அதை ஒட்டவைக்கும் பிசின். கல் சூடு தாங்கும், பிசின் தாங்காது. கடைக்குப் போன் செய்தால், சூட்டுக் காயத்துக்கு வாரண்டி கிடையாதாம். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம்.

குவார்ட்ஸ் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வராதீர்கள். எப்போதும் அடியில் பலகை வைத்துப் பழகியவர்களுக்கு அது நல்ல பொருள்தான். என் கைக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கடைசியில் கல் கடையில் மீந்து கிடந்த கருப்பு கிரானைட் துண்டு ஒன்றை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, ஓரம் பாலிஷ் போட்டு வாங்கி அந்தத் தடத்தின் மேலேயே வைத்துவிட்டேன். இப்போது தோசைக்கல், குக்கர் எல்லாம் அதன் மேல்தான்.

மறுபடி கட்டினால் கிரானைட்தான். ஆனால் கருப்பிலும் தொல்லை உண்டு. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாயடியில் வெள்ளை படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது நகப்பூச்சு அழிக்கும் திரவமும் வெள்ளைத் துணியும் கொண்டு போங்கள். தேய்த்ததும் துணி கருத்தால் அது சாயம் ஏற்றிய கல். இன்னொரு மூலையில் நாலு சொட்டு தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அந்த இடம் கருத்தால் எண்ணெயையும் குடிக்கிற கல் என்று அர்த்தம், கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச்சு அடித்தே ஆக வேண்டும்.

எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். எங்கள் வாசலில் ஒரு பையன் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உலர்வாகவே அறுத்தான், தெருவெல்லாம் வெள்ளைப் புழுதி. குவார்ட்ஸ் தூசியில் சிலிக்கா மிக அதிகம், நுரையீரலைக் கெடுக்கும். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து அந்தக் கல்லுக்கே தடை. அன்று எனக்கு இது தெரியாது.

பின்சுவருக்குச் செங்கல் அடுக்கு மாதிரி குட்டிக் குட்டி டைல்ஸ் போடாதீர்கள். போட்டவள் சொல்கிறேன். டைல்ஸ் அப்படியே இருக்கிறது, இடையில் அடைத்த வெள்ளை சிமென்ட் ஆறே மாதத்தில் தாளிப்பு எண்ணெய் குடித்து மஞ்சளாகிவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி, எண்ணெய் குடிக்காத எபாக்ஸி பிசின் கலவை அடைக்க இரண்டு நாள் கூலி. அதற்குப் பதில் நாலடிக்கு இரண்டடி பெரிய டைல்ஸ், பளபளப்பாக, மேல் அலமாரியின் அடி வரைக்கும் போடுங்கள். பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் வேண்டாம், பிசுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் மேடை உயரம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் கொத்தனார் "சார் வரட்டும்மா" என்றார். சார் என்றால் என் கணவர், அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். வீட்டுக் கடன் என் பெயரில், என் சம்பளத்தில். கடைசியில் சார் வந்து நின்று காட்டி, 36 அங்குலத்தில் மேடை எழும்பிவிட்டது. நான் ஐந்தடி. சப்பாத்தி தேய்க்க இன்றைக்கும் மணைப்பலகை போட்டு ஏறி நிற்கிறேன்.