நாலு மணிக்கு எழுதுறேன், வீட்டுல யாருக்கும் தெரியாது

அன்புள்ள மேடம்,

வணக்கம். என்னுடைய பெயரை போட வேண்டாம், குலசேகரம் பக்கம்னு மட்டும் போட்டுக்கோங்க. வயசு 37. கல்யாணம் ஆகி 14 வருஷம், ஒரு மகள் எட்டாம் கிளாஸ் படிக்கிறா. நான் ரப்பர் ஷீட் எடுக்குற ஒரு கடையில கணக்கு எழுதுறேன். என்னுடைய கணவர் ரப்பர் பால்வெட்டுக்கு போறாரு. விடியுறதுக்கு முன்ன குளிர்ச்சியா இருக்கும்போது வெட்டினா தான் பால் நல்லா வடியும், அதனால நாலு மணிக்கெல்லாம் தலையில ஹெட்லைட்ட கட்டிட்டு கெளம்பிருவாரு. அதுல இருந்து ஆறு மணிக்கு மாமியார் எந்திரிக்கிற வரைக்கும் உள்ள ரெண்டு மணி நேரம் தான் என்னுடைய நேரம். அடுக்களையில ஸ்டூல போட்டு உக்காந்து போன்ல கதை டைப் பண்ணுவேன்.

மூணு வருஷமா இப்படித்தான். யாருக்கும் தெரியாது. மழை பெஞ்சா வெட்டு கிடையாது, அவரு வீட்டுல இருப்பாரு, நான் எழுத மாட்டேன். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு தான் ரெண்டு மழையும் உண்டே, ஜூன் ஜூலையும் போச்சு ஐப்பசி கார்த்திகையும் போச்சு. அப்புறம் தை மாசியில ரப்பர் இலை உதிரும், அப்பவும் வெட்ட நிறுத்திருவாங்க. சென்னையில புத்தகக் கண்காட்சி நடக்குறதும் அதே சமயம் தான். ஃபேஸ்புக்க தெறந்தா ஆளாளுக்கு புது புக்க கையில புடிச்சிட்டு நிக்கிறாங்க, நான் தோசைக்கல்லு முன்ன நிக்கேன்.

இதுவரைக்கும் 11 கதை எழுதியிருக்கேன். பத்திரிகைக்கும் இணைய இதழுக்கும்னு 19 தடவ அனுப்பியிருக்கேன். பதில் வந்தது ஒண்ணே ஒண்ணு. அது எனக்கு புடிச்ச கதைக்கு வந்தது. வித்துப்போன வீட்டுக்க முற்றத்த தெனமும் காலையில போய் தூத்துப் பெருக்கிட்டு வர்ற ஒரு அம்மச்சிய பத்தின கதை. வாங்கினவன் முதல்ல ஒண்ணும் சொல்லல, பிறகு காம்பவுண்டு கட்டி கேட்டு போட்டு பூட்டிருவான், அன்னைக்கு அம்மச்சி என்ன செய்யுதாங்கிறது தான் கதை. எடிட்டர் எழுதியிருந்தாரு, கதை நல்லா இருக்கு, வட்டார வழக்கு கூடுதல், மத்த ஊர்க்காரங்களுக்கு புரியாது, குறைச்சு அனுப்புங்கன்னு. ஒரு வாரம் உக்காந்து மாத்தினேன். வாரியல துடைப்பம் ஆக்கினேன், சக்கைய பலாப்பழம் ஆக்கினேன், அம்மச்சிய பாட்டி ஆக்கினேன். அனுப்பி ஏழு மாசம் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல. இப்ப அத எடுத்து படிச்சா எனக்கே யாரோ எழுதின மாதிரி இருக்கு.

மெயில் பாக்குறது ஒரு வியாதி ஆயிட்டு மேடம். கடையில ஷீட்டு தூக்கி எடை போடுற நேரத்துல கூட ஒரு கையில போன். போன வாரம் 48 கிலோவ 84ன்னு எழுதிட்டேன், முதலாளி எல்லாரு முன்னயும் வச்சு திட்டினாரு. திட்டினது கூட வெளங்கல, அப்பவும் மனசு மெயில்ல தான்.

என்னுடைய காலேஜ் தோழி ஒருத்தி, மார்த்தாண்டத்துக்காரி, போன மாசம் நாகர்கோவில்ல புக் வெளியீடு வச்சா. போட்டோவுக்கு ஹார்ட் போட்டேன், வாழ்த்துக்கள் டின்னு எழுதினேன், அப்புறம் குளிமுறியில தண்ணிய தெறந்து விட்டுட்டு அழுதேன். இவ்வளவு கேவலமானவளா நான்னு இருக்கு.

அவ புக் போட்ட எடத்துலயே நானும் விசாரிச்சேன். 38,000 ரூபா குடுத்தா 200 காப்பி அடிச்சு தருவாங்களாம், அதுல 50 எனக்கு, மிச்சத்த அவங்க விப்பாங்களாம். எனக்க கையில ஏது 38,000? எனக்க அம்மை போட்ட சங்கிலி ஒண்ணு இருக்கு, பேங்குல வச்சா கிடைக்கும், அவருக்கிட்ட என்னன்னு சொல்லி வைக்கது? எனக்க சங்கிலி எனக்க இஷ்டம்னு ஒரு பக்கம் தோணுது, பிள்ளைக்க படிப்பு கிடக்கேன்னு மறுபக்கம்.

அவரு கெட்டவர் இல்ல. ஆனா இதெல்லாம் அவருக்கு புரியாது, அஞ்சாம் கிளாஸோட நிறுத்தினவரு. போன மாசம் ஒரு நாள் கெளம்பும்போது சார்ஜர் அடுக்களையிலயே கெடக்கட்டு, நான் எடுக்கல்லன்னு சும்மா சொல்லிட்டு போனாரு. அவ்வளவு தான் எங்க பேச்சு.

ராத்திரி படுக்க பதினொண்ணு ஆகும், மூணரைக்கு முழிப்பு தட்டிரும். சில நாள் எதுக்கு தான் நான் இருக்கேனோன்னு கூட தோணுது. எழுதுறத விட்டுரட்டா? சங்கிலிய வைக்கட்டா? நீங்க சொல்லுங்க.

பெயர் வேண்டாம், குலசேகரம் பக்கம்

---

அன்புள்ள குலசேகரம் தோழிக்கு,

கடைசியில எழுதினத முதல்ல எடுத்துக்கிறேன். "எதுக்கு இருக்கேனோ"ன்னு எழுதியிருக்கீங்க. அது அசதியில வர்ற வார்த்தையா, இல்ல செத்துரலாம்ங்கிற நெனப்பா? ரெண்டாவதுன்னா இந்த பதில பாதியில நிறுத்திட்டு 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசு நடத்துற இலவச சேவை, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து மனசு கனமா இருந்து, சாப்பாடு, பிள்ளை, எழுத்து எதுலயும் ஒட்டாம போச்சுன்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநல டாக்டர ஒரு தடவ பாத்துருங்க. காய்ச்சலுக்கு போற மாதிரி தான், பெரிய விஷயமா எடுக்க வேண்டாம்.

அடுத்தது தூக்கம். பதினொண்ணுல இருந்து மூணரை, நாலரை மணி நேரம், அதுவும் மூணு வருஷமா. இந்த தூக்கத்துல யாரா இருந்தாலும் குளிமுறியில அழத்தான் செய்வாங்க. தோழிய பாத்து பொறாமை வந்ததுக்கு உங்கள நீங்களே கேவலம்னு சொல்ல வேண்டாம், நமக்கு வேணுங்கிறது அடுத்தவ கையில இருந்தா வலிக்கும், நீங்க அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யல, வாழ்த்து தான் சொல்லியிருக்கீங்க. வாரத்துல ரெண்டு நாள் அவர் கெளம்பினதும் கதவ சாத்திட்டு அஞ்சரை வரைக்கும் திரும்ப படுங்க. அந்த ரெண்டு நாள் எழுத்து போகட்டும்.

மெயில் விஷயம். 19 தடவ அனுப்பி ஒண்ணுக்கு கூட பதில் வரலைன்னா நீங்க எப்பவோ பாக்குறத விட்டிருப்பீங்க. ஒண்ணு வந்துட்டுது பாத்தீங்களா, அது தான் புடிச்சு வச்சிருக்கு. ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் புறாவ வச்சு சோதனை பண்ணாரு. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைச்சு பழகின புறா, தீனி நின்னதும் கொஞ்ச நேரத்துல கொத்துறத விட்டுரும். எப்பவாவது, கணக்கே இல்லாம கிடைச்சு பழகின புறா விடாது, கொத்திக்கிட்டே இருக்கும். புறாவெல்லாம் எதுக்கு, தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிய தடை பண்ணிட்டாங்க, ஆனா நம்ம ஆளுங்க களியக்காவிளை தாண்டி கேரளாவுக்கு போய் டிக்கெட் வாங்கிட்டு தானே வர்றாங்க, என்னைக்கோ ஒருக்கா நூறு ரூபா விழுந்திருக்கும். உங்க மனசும் அந்த டிக்கெட்டுக்கு தான் அலைஞ்சிட்டு இருக்கு. அதனால மன உறுதி இல்லன்னு உங்கள திட்டிக்காதீங்க, வழிய அடைங்க. கதை அனுப்ப தனியா ஒரு மெயில் ஐடி போடுங்க, அத போன்ல ஏத்தாதீங்க, ஞாயித்துக்கெழம ஒரு தடவ உள்ள போய் பாருங்க. ஒரு நோட்டுல எந்த கதை எங்க என்னைக்கு போச்சுன்னு எழுதி வைங்க, மூணு மாசம் தாண்டினா ரெண்டு வரியில ஒரு நினைவூட்டல், அதுக்கும் பதில் இல்லன்னா அங்க இருந்து எடுத்துக்கிறேன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த எடத்துக்கு அனுப்புங்க. கணக்கு எழுதுறவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லி குடுக்கணுமா. எடிட்டர் சும்மா இருந்தா கதை மோசம்னு அர்த்தம் இல்ல. சின்ன பத்திரிகையும் இணைய இதழும் பெரும்பாலும் வேற வேலை பாக்குறவங்க ராத்திரி முழிச்சு நடத்துறது, மெயில்ல குமிஞ்சு கிடக்கும். பதில் போடாம விடுறது நியாயம்னும் நான் சொல்ல மாட்டேன்.

இனி சங்கிலி. காசு குடுத்து புத்தகம் போடுறது பாவம் ஒண்ணும் இல்ல, நல்ல எழுத்தாளர்களே போட்டிருக்காங்க. ஆனா மாசக்கணக்கா ஒருத்தனும் பதில் சொல்லாத வேதனைய இந்த 38,000த்த குடுத்து ஆத்திரலாம்னு நெனக்கிறீங்களோன்னு எனக்கு தோணுது. ஆறாது. 50 காப்பி கட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கு அத எங்க ஒளிச்சு வைப்பீங்க, பத்தாயத்துலயா? போட்டே ஆகணும்னா சில விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. எழுதின அந்த நிமிஷத்துலயே உரிமை உங்களுக்கு தான், பதிவு பண்ணணும்னு கட்டாயம் கிடையாது. உரிமைய இன்னொருத்தருக்கு மாத்தி குடுக்கணும்னா எழுத்துல கையெழுத்து போட்டு தான் குடுக்க முடியும், வாய்ப்பேச்சு செல்லாது. 1957ம் வருஷ பதிப்புரிமைச் சட்டத்துல 19ம் பிரிவு அத சொல்லுது, எத்தன வருஷத்துக்குன்னு பேப்பர்ல போடலைன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கணும்னும் அதுலயே இருக்கு. அதனால வருஷம் எத்தன, ஈ-புக் உரிமை யாருக்கு, விக்கிற 150 காப்பியில உங்களுக்கு எவ்வளவு, விக்காத காப்பி யாருக்குன்னு எழுதி கேளுங்க. புத்தகத்துக்கு போடுற அடையாள நம்பர் ஐஎஸ்பிஎன்னுக்கு தனியா துட்டு கேட்டா சிரிச்சிருங்க, இந்தியாவுல அரசு அத இலவசமா தான் குடுக்குது. இப்பெல்லாம் வேணுங்கிற அளவுக்கு அம்பது அம்பதா அச்சடிக்கிற வசதியும் இருக்கு, 200ன்னு கட்டாயம் இல்ல. நான் சொல்றது, அம்மா போட்ட சங்கிலி இப்போதைக்கு கழுத்துலயே கெடக்கட்டும். பதினொரு கதையில நாலு கதையாவது எங்கயாவது வெளிவரட்டும், புத்தகத்த அப்புறம் பேசிக்கலாம்.

வட்டார வழக்குக்கு வர்றேன், நானும் நாகர்கோவில்காரி தான், கொஞ்சம் ரோஷத்தோட தான் எழுதுறேன். எடிட்டர் சொன்னது முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன், ஒரே வரியில நாலு புரியாத சொல்லு வந்தா திருச்சிக்காரன் தடுமாறுவான். ஆனா வாரியல எடுத்து முற்றத்த பெருக்கினான்னு எழுதினா வாரியல் என்னன்னு எந்த ஊர்க்காரனுக்கும் தெரிஞ்சு போகும். அம்மச்சிய பாட்டி ஆக்கினது தான் எனக்கு பொறுக்கல. தேங்காப்பட்டணத்துக்காரர் தோப்பில் முஹம்மது மீரான், பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம், பொழப்பு வத்தல் வியாபாரம், எழுதினது அவங்க கடற்கரை ஜனங்க பேசுற பேச்ச. 1997ல சாகித்ய அகாடமி விருது அவர தேடி வந்துச்சு. நாஞ்சில் நாடன் பம்பாயில கம்பெனி வேலை பாத்துக்கிட்டே நம்ம நாஞ்சில் நாட்டு பேச்ச எழுதினாரு, அவருக்கு 2010ல. உங்களுக்கும் விருது வரும்னு சொல்ல நான் ஜோசியக்காரி இல்ல. நம்ம பேச்சுல எழுதினா தமிழ்நாடு படிக்காதுன்னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம்ங்கிறதுக்காக சொல்றேன்.

உங்க கடிதத்துலயே ஒண்ணு கவனிச்சேன். தொடக்கத்துல "என்னுடைய கணவர்", "என்னுடைய நேரம்"னு டீச்சருக்கு லீவ் லெட்டர் எழுதுற மாதிரி இருந்துச்சு. சங்கிலி கிட்ட வந்ததும் "எனக்க அம்மை", "எனக்க சங்கிலி எனக்க இஷ்டம்"னு ஆயிருச்சு. அந்த எடத்துல தான் நான் நிமிந்து உக்காந்து படிச்சேன்.

இன்னொண்ணு, அத நீங்க ரெண்டு வரியில எழுதிட்டு தாண்டி போயிட்டீங்க. நாலு மணிக்கு இருட்டுல கெளம்புற மனுஷன் சார்ஜர பத்தி எதுக்கு பேசணும்? அடுக்களையில கெடக்கட்டுன்னு எதுக்கு சொல்லணும்? அவருக்கு தெரியும்மா. என்ன எழுதுறீங்கன்னு தெரியாம இருக்கலாம், நாலு மணிக்கு மேல அந்த அடுக்களையில விளக்கு எரியுதுன்னும், போன்ல சார்ஜ் தீந்து போகுதுன்னும் தெரியும். எத்தன நாளா தெரியுமோ. வந்து கேட்டா நீங்க நிறுத்திருவீங்களோன்னு கூட அவர் பேசாம இருந்திருக்கலாம். நான் நெனக்கிறது தப்பாவும் இருக்கலாம், அவர பாத்தது கிடையாது. ஆனா மூணு வருஷமா உங்க கதைய படிக்க உலகத்துல ஆளுன்னு இருந்தது முகம் தெரியாத எடிட்டருங்க மட்டும் தான். அதனால தான் அவங்க பேசாம இருந்தா உங்களுக்கு ஊரே பேசாம இருக்குற மாதிரி இருக்கு. பக்கத்துல படுத்திருக்கிறவர் அஞ்சாம் கிளாஸ்னு சொல்றீங்க. அம்மச்சி கதைய கேக்க அது போதாதா? அது அவங்க குடும்பத்து அம்மச்சியாவே இருந்தா கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மழை பெஞ்சு வெட்டு இல்லாத அன்னைக்கு, கட்டஞ்சாயா போட்டு குடுத்துட்டு, "ஒரு கதை சொல்லுதேன் கேக்குதேளா"ன்னு போன எடுத்து வாசிங்க. துடைப்பம் உள்ளத வாசிக்காதீங்க, வாரியல் உள்ளத. எப்படி இருக்குன்னு கேக்காதீங்க, அவருக்கு அது பரீட்சை மாதிரி ஆயிரும். அவர் ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு போனாலும் போகட்டும், நாலு நாள் கழிச்சு எதையாவது சொல்லுவாரு. மாமியாருக்கு இப்ப சொல்லணும்னு இல்ல, அது உங்க சௌகரியம்.

விட்டுரட்டான்னு கேட்டதுக்கு நான் பதில் சொல்லல, தெரியும். அந்த ரெண்டு நாள் தூக்கத்த ஒரு மாசம் தூங்கிட்டு அப்புறம் கேளுங்க.

அப்புறம், அந்த பழைய கதைய அழிச்சிரலியே? இருந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. மார்க் போட இல்ல. கேட்டுல பூட்டு கெடந்த அன்னைக்கு அம்மச்சி வாரியலோட போய் என்ன செஞ்சாங்கன்னு சொல்லாமலே முடிச்சிட்டீங்க, ரெண்டு நாளா அதே நெனப்பா இருக்கு.