இளவரசி கியோங்ஹே அடிமையாக்கப்பட்டாரா?

கேள்வி: கொரியத் தொடர் ஒன்றில், ராஜத்துரோகி என்று கணவன் கொல்லப்பட்டதும் இளவரசி கியோங்ஹேயை அரசாங்க அடிமையாக்கிவிடுகிறார்கள். ராஜா மகளுக்கே இப்படி நடந்ததா?

பதில்: சட்டம் அதற்கு இடம் தந்தது. பதவி பறிபோன சிறுவயது மன்னன் தான்ஜோங்கை மீண்டும் அரியணை ஏற்ற 1456இல் முயன்று பிடிபட்டவர்களின் மனைவி, மகள்களை மன்னர் சேஜோ தன் விசுவாசிகளுக்கு அடிமைகளாகப் பங்கிட்டுக் கொடுத்தார். கியோங்ஹே அந்தத் தான்ஜோங்கின் உடன்பிறந்த அக்கா. அவர் கணவர் ஜோங் ஜோங் 1455இல் நாடு கடத்தப்பட்டு, ஊர் ஊராக மாற்றப்பட்டு, 1461இல் கொல்லப்பட்டார். ஆகவே உங்கள் ஐயம் நியாயமானது.

ஆனால் தொடர்கள் விரும்பும் அந்தக் காட்சி, சுன்சொன் ஊர் அதிகாரி வேலை ஏவியபோது "நான் ராஜாவின் மகள்" என்று அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்த காட்சி, ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்துத் தொகுத்த நூலில் வருவது. அதை நம்பும் முன் அவரே விட்டுச்சென்ற பத்திரத்தைப் படிக்க வேண்டும்.

1473ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம், 27ஆம் நாள். மகன் ஜோங் மிசுவுக்கு எழுதிய சொத்துப் பத்திரம் அது. நோய் முற்றிவிட்டது, ஒரே மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லி, ஜோங்சொன்பாங் பகுதியில் அரசர் அளித்த வீட்டையும் தோங்ஜின் நிலத்தையும் கொடுக்கிறார். அடிமைகளைப் பிரித்துத் தர அவகாசம் இல்லை என்கிறார். கவனியுங்கள்: அடிமைகளுக்கு உடைமைக்காரியாக அவர் பேசுகிறார். கீழே இருப்பது 'இளவரசி கியோங்ஹே' முத்திரை. பட்டம் கடைசி வரை அவரிடமே இருந்தது.

மூன்றாம் நாள் இறந்துபோனார். வயது நாற்பதை எட்டவில்லை. கொரியர் அன்று கணக்கிட்டது சந்திர மாதத்தில். நம் காலண்டரில் அந்த நாள் 1474 ஜனவரியில் விழுகிறது. மறைந்த ஆண்டு இரண்டு விதமாக அச்சாவது அதனால்தான். பிழை என்று நினைக்க வேண்டாம்.

அடிமையாகாததால் துன்பம் குறைந்துவிடவில்லை. அவர் ஐந்து வயதைத் தாண்டிய சமயம், 1441இல், தம்பியைப் பெற்றெடுத்த மறுநாளே தாய் போய்விட்டார். தந்தை முன்ஜோங் ஆண்டது இரண்டே வருடம். 1453இல் சித்தப்பா, பின்னாளில் சேஜோ ஆனவர், முதிய அமைச்சர்களை வெட்டிச் சாய்த்த இரவில் சிறுவன் தான்ஜோங் தங்கியிருந்தது இந்த அக்கா வீட்டில்தான். அதே சித்தப்பாதான் பின்பு தம்பியையும் கணவரையும் கொன்றார். விதவையான பிறகு அவர் தலை மழித்துப் பௌத்தத் துறவியானார்.