கண்ணாடி மணியில் வெள்ளி வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கையால் செய்த கண்ணாடி மணியில் வெள்ளி சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்வதெல்லாம் சாதாரண சோடா கண்ணாடியில் (சோடியம் கலந்த வகை) டார்ச்சில், அதாவது எரிவாயுத் தீச்சுடரில், செய்த மணிகளுக்கு.

925 வெள்ளிக் கம்பியை மணியில் சுற்றித் தீ காட்டினேன். கறுகறுவென்று ஆகிவிட்டது. நான் செய்த தப்பு என்ன?

தப்பு கம்பியில்தான். 925 வெள்ளியில் ஏழரை சதவீதம் வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. தீ பட்டதும் அந்தச் செம்புதான் கறுக்கிறது. 999 சுத்த வெள்ளிக் கம்பி, மெல்லியதாக வாங்குங்கள். அது 962 டிகிரி செல்சியஸில் உருகும். கம்பியையே பார்த்துக்கொண்டிருங்கள்: முதலில் சிவக்கும், அப்புறம் திடீரென்று முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும், அடுத்த நொடியே அறுந்து குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சுருண்டுகொள்ளும். பளபளப்பு தெரிந்ததுமே தீயை விட்டு விலக்கத் தயாராகுங்கள். உருண்டைகளைக் கிராஃபைட் பட்டையில் லேசாக உருட்டி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளி ரேக்கு ஒட்டினால் தீயில் காணாமல் போகிறதே?

ரேக்கு என்பது தாள் போல அடித்த வெள்ளி, அவ்வளவு மெல்லியது. மணியைத் தீயிலிருந்து வெளியே எடுத்து, சிவப்பு அடங்கியபின் ரேக்கின் மேல் உருட்டி, நன்றாகத் தேய்த்து ஒட்டவிடுங்கள். பளபளப்பு அப்படியே வேண்டுமானால் உடனே தெளிந்த கண்ணாடியால் மேலே மூடிவிட வேண்டும். ஐவரி (தந்த) நிறக் கண்ணாடியில் மூடாமல் தீ காட்டிப் பாருங்கள்: அந்தக் கண்ணாடியில் இருக்கும் கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து பழுப்புக் கோடுகளாக ஓடும். எனக்கு ரொம்பப் பிடித்த விளைவு அது.

தெளிந்த கண்ணாடியில் வெள்ளியைச் சுற்றி மஞ்சள் படர்கிறது. அழுக்கா?

அழுக்கு இல்லை. சூட்டில் வெள்ளி அயனிகள் கண்ணாடிக்குள் புகுந்து சோடியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன, அதன் நிறம்தான் அது. ஐரோப்பியத் தேவாலய ஜன்னல்களில் 14-ஆம் நூற்றாண்டு முதல் மஞ்சள் தீட்டியது இந்த முறையில்தான். பிடிக்காவிட்டால் கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறத்தில் மணி செய்யுங்கள், கண்ணுக்குத் தெரியாது.

செய்து முடித்த மணியின் மேல் பூ, கொடி மாதிரி வெள்ளி வேலை வைக்க முடியுமா?

முடியும், வெள்ளிக் களிமண்ணால். நுண்ணிய வெள்ளித் தூளை நீரோடும் பிணைப்பானோடும் (தூளை ஒட்டவைக்கும் பொருள்) பிசைந்தது அது. 1990-களில் ஜப்பானில் உருவானது. சூளையில் பிணைப்பான் எரிந்துபோய், தூள் ஒன்றோடொன்று இறுகிச் சுத்த வெள்ளியாகும். ஆனால் வாங்கும்போது ரகத்தைப் பார்த்து வாங்குங்கள். 800, 900 டிகிரி கேட்கும் ரகம் இருக்கிறது. அதற்குள் உங்கள் மணி உருகி வழிந்திருக்கும். 650-க்குள் சுடும் ரகம்தான் நமக்கு.

மணியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடையுங்கள், பிறகு விரல் படக் கூடாது. களிமண்ணை இழையாக உருட்டியோ, கூழாக்கித் தூரிகையால் பல பூச்சாகவோ வையுங்கள். காய்ந்ததும் வெள்ளி இல்லாத இடத்தை ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூச்சுகூடச் சூளையில் மங்கலான கறையாகப் பதிந்துவிடும். முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்க, மணியை வெதுவெதுப்பாகச் சூடாக்கி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வையுங்கள். ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சூளையில் மணியைச் சூடு தாங்கும் செராமிக் ஃபைபர் போர்வையின் மேல் வையுங்கள், வெறும் தட்டில் வைத்தால் அடி தட்டையாகும். சூட்டை மெல்ல ஏற்றி, பொட்டலத்தில் சொன்ன அளவில் நிறுத்துங்கள். 650 டிகிரி என்றால் பொதுவாக அரை மணி நேரம். அப்புறம் 510-520-க்கு இறக்கி ஒரு மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் தானாக ஆறவிடுங்கள். வெறும் வெள்ளிக் களிமண் நகையைச் சுட்டதும் தண்ணீரில் போடுவோம். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை மணியையும் போட்டேன். இரண்டு நாள் வேலை, 'டக்' என்று ஒரு சத்தம், மூன்று துண்டு. தண்ணீர் பக்கமே போகாதீர்கள்.

வெளியே வரும்போது வெள்ளி சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாக இருக்கும், பயப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரில் பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் உள்ளிருக்கும் மின்னல் மேலே வரும்.

வெள்ளிக் களிமண்ணை மணியைச் சுற்றி முழு வளையமாகப் போட்டேன், வளையம் பிளந்துவிட்டது.

சுடும்போது இந்தக் களிமண் சுமார் பத்து சதவீதம் சுருங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி இடம் கொடுக்காது, அதனால் வளையம் பிளக்கிறது. ஆறும்போது இன்னொரு இழுபறியும் உண்டு: வெள்ளி, கண்ணாடியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் மூடிய வளையத்தை விடுங்கள், முனை சேராத கொடியாக ஓடவிடுங்கள், தடிமனையும் குறையுங்கள். பிளந்ததில் புதுக் களிமண்ணை அடைத்து, காயவைத்து மறுபடி சுடலாம்.

வெள்ளி கண்ணாடியோடு அவ்வளவாக ஒட்டாது, கவ்விக்கொண்டுதான் நிற்கும். அதனால் மேலே ஒரு சொட்டாக வைக்காமல், மணியின் வளைவைத் தாண்டி இறங்கிப் பிடிக்கிற மாதிரி வடிவம் யோசியுங்கள். துளை ஓரத்தில் கொண்டுபோய் மடக்கினால் இன்னும் உறுதி.

சூளை இல்லை, டார்ச்சிலேயே களிமண்ணைச் சுடலாமா?

கண்ணாடி மணியோடு வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடேறி மணி வெடிக்கும்.

போட்டுப் போட்டு வெள்ளி கறுத்தால்?

நகைக்கு வைத்திருக்கும் வெள்ளித் துடைப்புத் துணி போதும். கண்ணாடிக்குள் மூடிய வெள்ளி கறுக்கவே கறுக்காது, காற்றே படாதே.