விசாரிக்க வந்தவர் யார்? மேடையில் மனச்சாட்சி பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதிய 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தை மேடையேற்ற ஆயத்தமாகும் வன்னிப் பாடசாலைக் குழுக்களும் நாடக ஆர்வலர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1912ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் பிரம்லி என்ற கற்பனை நகரம். ஆலை முதலாளி பேர்லிங்கின் வீட்டில் மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்து. கூல் என்ற இன்ஸ்பெக்டர் வந்து, ஈவா ஸ்மித் என்ற ஏழைப் பெண் கிருமிநாசினி குடித்து இறந்துவிட்டாள் என்கிறார். தந்தை, தாய், மகள், மகன் எரிக், மாப்பிள்ளையாக வரவிருக்கும் ஜெரால்ட் என ஐந்து பேருக்கும் அவளுடைய அழிவில் பங்கு இருந்தது ஒவ்வொன்றாக வெளிவருகிறது. அவர் போன பிறகுதான், பொலிசில் அப்படி ஒருவரே இல்லை என்று தெரிகிறது.

மல்லாவி, உயர்தர மாணவி: ஐயா, கூல் ஆவியா, கடவுளா, எதிர்காலத்திலிருந்து வந்தவரா? நடிப்பவர் எதை மனதில் வைக்க வேண்டும்?

எதையும் வைக்க வேண்டாம், மகள். எழுதியவரே விடை தரவில்லை. நடிகர் 'நான் ஆவி' என்று முடிவுசெய்த கணமே குரல் இழுபடும், கண் எங்கோ நிலைகுத்தும், சபை அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஐந்து குற்றவாளிகளும் தப்பிவிடுவார்கள். ஒரு பிள்ளை இறந்துவிட்டாள், அவளுக்கு யார் என்ன செய்தார்கள் என்று அறிய வந்திருக்கிறேன் என்ற ஒரே நினைப்புப் போதும்.

கிளிநொச்சி, இளம் நெறியாளர்: எங்கள் பக்கத்தில் 'விசாரணை' என்றாலே நெஞ்சு பதறும். விசாரிக்க வருபவரை மனச்சாட்சியாகச் சனம் ஏற்குமா, அண்ணா?

தம்பி, வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். விசாரணை என்ற பெயரில் எத்தனையோ வாசல்களில் ஆட்கள் வந்து நின்ற மண் இது. ஆனால் அதே கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டம் நடத்திவந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பதும் ஒரு விசாரணையைத்தான். அஞ்சுவதும் விசாரணைக்கு, ஏங்குவதும் விசாரணைக்கு. இந்த இரண்டையும் நெஞ்சில் வைத்திருக்கும் சனத்தின் முன் கூல் வந்து நிற்கப்போகிறார் என்பதை ஒத்திகையின் முதல் நாளே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

பிறகு, அவர் யாருடைய வாசலுக்குப் போகிறார் என்று பாருங்கள். குடிசைக்குப் போகவில்லை. பேர்லிங் ஆலை முதலாளி, முன்னாள் நகரபிதா, நீதவான் பதவியும் உண்டு. பொலிஸ் தலைவர் தன் பழைய நண்பர், சேர்ந்து கோல்ஃப் விளையாடுகிறோம் என்று சாடைமாடையாக மிரட்டுகிறார். கூல் தாம் கோல்ஃப் விளையாடுவதில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடிக்கிறார். இந்த இடம் சபைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். அதிகாரம் உள்ளவனிடம் கேள்வி கேட்க ஒருவர் வந்திருக்கிறார் என்பது அங்கேதான் உறைக்கும்.

சீருடை போடவே வேண்டாம். மூலத்திலும் சாதாரண இருண்ட நிறக் கோட்டும் காற்சட்டையும்தான். மேசையில் அடிப்பது, விரலை நீட்டுவது, கழுத்தைப் பிடிப்பது ஒன்றும் கூடாது. அப்படிச் செய்தால் நம் சனம் பேர்லிங்குக்காகப் பயப்படத் தொடங்கிவிடும். பேர்லிங் வெட்கப்பட வேண்டியவர். அவர்மேல் இரக்கம் வந்துவிட்டால் நாடகம் கவிழ்ந்துவிடும்.

ஒட்டுசுட்டான், ஆசிரியை: கூல் வேடத்துக்குத் தெரிவான மாணவன் மிகவும் மெலிந்தவன். மாற்றவா?

மாற்றாதீர்கள், ரீச்சர். அவர் பெரிய உருவமாக இருக்கத் தேவையில்லை, ஆனால் உறுதியும் கனமும் தோன்ற வேண்டும் என்று மூலத்தின் அரங்கக் குறிப்பே சொல்கிறது. பேசுமுன் எதிரில் இருப்பவரை ஊன்றிப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. அந்தப் பார்வையை மாணவனுக்குப் பழக்குங்கள். பார்வை முடிந்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

முல்லைத்தீவு, கூத்துக் கலைஞர்: எங்கள் கட்டியகாரனுக்கும் இந்த இன்ஸ்பெக்டருக்கும் உறவு உண்டா?

ஐயா, கட்டியகாரன் வரவைச் சொல்வான், கதையை நகர்த்துவான், வேண்டிய இடத்தில் நையாண்டியும் செய்வான். கதைக்குள் இருப்பவர்களின் நெஞ்சைத் திறப்பது அவன் வேலையில்லை. உங்கள் மண்ணின் கோவலன் கூத்தைத்தான் நான் பக்கத்தில் வைப்பேன். அதில் பாண்டியன் செய்த பிழை என்ன? விசாரிக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டுத் தண்டனை கொடுத்துவிட்டான். பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கூடும் சனத்துக்கு, விசாரியாத தீர்ப்பு என்ன செய்யும் என்பதை யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

வேறுபாடு ஒன்றும் இருக்கிறது. கண்ணகி தானே வழக்குரைக்கிறாள். ஈவா ஸ்மித் மேடைக்கு வருவதே இல்லை. அவளுக்காகக் கேட்க வந்தவரும் குற்றத்தைத் தன் வாயால் அதிகம் சொல்வதில்லை, செய்தவர்களின் வாயாலேயே சொல்லவைக்கிறார். கண்ணகி வேடம் கட்டியவர்களின் வேகம் கூலுக்கு உதவாது. ஆனால் பாண்டியன் வேடம் கட்டியவர் ஷீலாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். குற்றம் தன்னுடையது என்று உணரும் கணம் இருவருக்கும் ஒன்றுதான்.

புதுக்குடியிருப்பு, இளைஞர் குழு: ஈவாவை எங்கள் ஊர் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணாக மாற்றலாமா? புகைப்படக் காட்சியை எப்படிச் செய்வது?

தாராளமாக மாற்றுங்கள். மூலத்தில் பேர்லிங்கின் ஆலையில் ஈவாவும் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தமே வாரம் இருபத்திரண்டரை ஷில்லிங்கை இருபத்தைந்தாக உயர்த்தக் கேட்டதால் வந்தது. இரண்டரை ஷில்லிங்குக்காக வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவள் அவள். நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குப் புரியும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: ஐந்து பேரும் தனித்தனியே செய்தது சின்னச் செயலாகத் தோன்ற வேண்டும். கொடூர வில்லன் ஒருவனைக் கொண்டுவந்தால், சபையில் இருப்பவர்கள் 'அது நான் இல்லை' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

புகைப்படத்தைக் கூல் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் காட்டுகிறார். எட்டிப் பார்க்க வரும் மற்றவர்களைத் தடுக்கிறார். அவர் விளக்கடிக்குப் போக, ஷீலா அங்கே வந்து அதைப் பார்க்கிறாள், அடையாளம் தெரிந்ததும் சின்னதாக அலறி, விம்மலை அடக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். வசனமே இல்லை. ஒரு கடையில் தன் கோபத்தால் அந்தப் பெண்ணின் வேலையைப் பறித்தது அவளுக்கு அப்போதுதான் தைக்கிறது. படம் சபைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், எல்லோரும் பார்த்தது ஒரே படமா என்று ஜெரால்ட் பின்னால் எழுப்பும் சந்தேகத்துக்கு வேலை இருக்காது.

நெடுங்கேணி, ஆசிரியர்: மண்டபத்தில் பெரிய ஒளியமைப்பு இல்லை.

விருந்துக்கு இளஞ்சிவப்பான மெல்லிய ஒளி, இன்ஸ்பெக்டர் வந்ததும் இன்னும் பிரகாசமான, கடுமையான ஒளி. மூலம் கேட்பது இவ்வளவே. சிவப்புத் தாள் சுற்றிய குண்டு பல்பும் ஒரு வெள்ளை லைட்டும் போதும். மூன்று அங்கமும் ஒரே அறை, கதையும் இடைவெளியின்றி ஓடுகிறது. காட்சி மாற்றச் செலவு இல்லை.

மாங்குளம், மாணவர்: போட்டிக்கு நேரம் போதாது. கடைசி ரெலிபோன் அழைப்பை வெட்டலாமா?

வேண்டாம், தம்பி. இன்ஸ்பெக்டர் போலி என்று தெரிந்ததும் பெற்றோரும் ஜெரால்டும் பெருமூச்சுவிட்டுச் சிரிக்கிறார்கள். ஷீலாவும் எரிக்கும் மட்டும் சிரிக்கவில்லை, செய்தது செய்ததுதானே என்கிறார்கள். அப்போதுதான் மணி அடிக்கிறது: ஒரு பெண் இப்போது உண்மையாகவே இறந்துவிட்டாள், விசாரிக்க ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். இதை வெட்டினால், சிரித்தவர்கள் வென்றுவிடுவார்கள்.

வெட்ட வேண்டுமானால் பேர்லிங்கின் தொடக்கப் பேச்சைச் சுருக்குங்கள். அதிலும் டைட்டானிக் மூழ்காது, போர் வராது என்று அவர் அடித்துச் சொல்லும் இரண்டு வரிகளை விட்டுவையுங்கள். நாடகம் 1945இல் சோவியத் ஒன்றியத்திலும் 1946இல் லண்டனிலும் மேடையேறியபோது, இரண்டு உலகப்போர்களைக் கண்ட சபைகள் கேட்ட வரிகள் அவை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு பிறந்த உங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர்களையும் முன்வரிசையில் இருத்துங்கள். அந்த வரிகள் அவர்களுக்குக் கேட்கும்.